மானுக்கு வைத்த மஞ்சள்

கால்நடை டாக்டர் வேலையில் உதைக்கிற மாட்டைக்கூடச் சமாளித்துவிடலாம், படிவத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. சாதிச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் படியேறி இறங்கிச் செருப்புத் தேய்ந்த நீங்கள் எல்லாம் என் இனம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

ஏற்காட்டுப் பக்கம் மூடப்போகிற ஒரு சின்ன மான் பூங்கா. மிச்சம் இருந்தவை ஐந்தே புள்ளிமான்கள். அவற்றைக் கர்நாடகத்தில் ஒரு பூங்காவுக்கு அனுப்ப வேண்டும். மாநில எல்லை தாண்டுகிற மானுக்கு நோய் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

காலைக் கழுவுங்க

முதல் விதி, மான்களைத் தனியாக அடைத்து வைக்க வேண்டும். ஆடு மாடு பக்கத்தில் வரக்கூடாது, ஆட்டைத் தொட்டவர்களும் அப்படியே உள்ளே போகக்கூடாது. பராமரிப்பாளர் வெள்ளையன் அண்ணன் பக்கத்து மலைக்கிராமமான தலைச்சோலைக்காரர். வீட்டில் ஆடு வைத்திருக்கிறார். அதனால் அவருக்கு அரைமணி நேரம் வகுப்பே எடுத்தேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

மறுநாள் நான் போனபோது கேட்டில் ஒரு வாளி மருந்துத் தண்ணீரோடு வழிமறித்து நின்றார். என் வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க டாக்டரம்மா, குப்பனூருல மாடு பாத்துட்டுத்தானுங்களே வர்றீங்க? மொதல்ல காலக் கழுவுங்க."

அடையாளம்

படிவத்தில் ஒவ்வொரு மானுக்கும் அடையாளம் எழுத வேண்டும். காதில் எண் வில்லை மாட்டினோம். அதுவும் போதாது, உடற்குறியும் வேண்டும் என்றார்கள். ஐந்துக்கும் 'புள்ளிகள்' என்று எழுதிக் கொடுத்து அலுவலகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வெள்ளையன் அண்ணன் கம்பிவேலிக்கு வெளியே நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். இதற்குக் காது கிழிசல், அதற்குக் கொம்பில் கோணல். கடைசிப் பெட்டைக்கு மட்டும் குறி எதுவும் சொல்லவில்லை. குட்டியாக இருந்தபோது தாயை நாய்கள் கடித்துக் கொன்றுவிட, பாட்டிலில் ஆட்டுப்பால் கொடுத்து அவரே வளர்த்த மான் அது. பெயர் பூவாயி. அடையாளம் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "கூப்புட்டா வருமுங்க, அத எழுதிக்கங்க."

மஞ்சள்

அடுத்தது காசநோய்ச் சோதனை. கழுத்தில் கொஞ்சம் ரோமத்தை மழித்துத் தோலில் ஊசி போட்டுவிட்டு, மூன்றாம் நாள் வந்து அந்த இடம் தடித்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். தடித்திருந்தால் பயணம் கிடையாது. எனக்கிருந்த பயமெல்லாம் இதுதான். ஒரே ஒரு மான் தேறாமல் இங்கே நின்றுவிட்டால், கூட்டத்திலேயே வாழ்ந்த பிராணி இரை எடுக்காமல் துரும்பாகிவிடும்.

மூன்றாம் நாள் போனேன். நான்கு மான்களின் கழுத்தும் சுத்தம். பூவாயிக்கு மட்டும் மழித்த இடம் சிவந்து வீங்கியிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். விரலெல்லாம் மஞ்சள் வாசனை.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போட்டிருக்கிறார் மனிதர்! மற்ற நான்கும் அவரைக் கிட்டேயே விடாது. தொடவிட்டது பூவாயி ஒருத்திதான். அந்த நம்பிக்கையே அவளுக்கு வினையாகிவிட்டது. வீக்கம் நோயாலா சுண்ணாம்பாலா என்று இனி ஆண்டவனுக்குத்தான் தெரியும். கண்டபடி திட்டிவிட்டேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "ஊசி குத்துன எடம் வலிக்குமேன்னு வெச்சேனுங்க. எங்கூட்டுப் புள்ளைங்களுக்கும் அதத்தானுங்க வெப்போம்."

ஒரு போன்

'தடிப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். பேனாவைத் திறந்தும் விட்டேன். ஒருவேளை நிஜமாகவே நோய் இருந்து, அங்கே இருக்கிற மான்களுக்கும் பரவினால்? மூடிவிட்டேன்.

மறுபடி ஊசி போட வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் மற்ற நான்கின் சான்றிதழும் காலாவதியாகிவிடும். நான்கை மட்டும் இப்போதே அனுப்பச் சொல்லி மேலே இருந்து நெருக்கினார்கள். நான் கர்நாடகப் பூங்காவின் டாக்டரைப் போனில் கூப்பிட்டு உள்ளதை உள்ளபடியே சொன்னேன். மனிதர் ஓசூரில் படித்தவர், தமிழ் நன்றாக வரும். மஞ்சள் கதையைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "அஞ்சும் சேந்தே வரட்டும் மேடம். நாங்க எங்க போயிடப் போறோம்?"

கட்டின கை

ஐந்துக்கும் இரண்டாவது முறை ஊசி போட்டபோது வெள்ளையன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அந்த மூன்று நாளும் வேறொருவர் தீனி வைத்தார். இவர் கேட்டுக்கு வெளியே, பூவாயி கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் அளவுகோலோடு உள்ளே போனேன். தடிப்பு இல்லை. ஐந்துக்கும் இல்லை. வெளியே வந்து சொன்னபோது, மனிதர் இரண்டு கையையும் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தார். "அவுத்துக்கலாமுங்களா? சும்மா உட்டா மஞ்சளத் தேடுதுங்க."

அந்தப் பக்கம்

லாரியை மருந்தடித்துக் கழுவி, வைக்கோல் பரப்பி மான்களை ஏற்றினோம். வெள்ளையன் அண்ணனும் கூடவே ஏறிக்கொண்டார். மான் மிரண்டால் இதயமே நின்றுவிடும். அதனால் சோதனைச்சாவடியில் கதவைத் திறக்க விடாமல், கட்டுக் காகிதத்தையும் காட்டிக் கெஞ்சித் தாண்டினோம்.

அங்கே போய் இறக்கியதும் நான்கு மான்கள் ஓட்டமாக ஓடி மரத்தடியில் நின்றன. பூவாயி போகவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற வெள்ளையன் அண்ணனையே பார்த்தாள். அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவளும் மரத்தடிக்குப் போனாள்.

கிளம்பும்போது வெள்ளையன் அண்ணன், தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாத அங்கத்திய பராமரிப்பாளரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அதுக்கு மேலுக்கு முடியலீனா டாக்டரக் கூப்புடு சாமி, மஞ்சள மட்டும் வெச்சுராத."

ஐந்து மான்களும் பயணத்துக்குத் தகுதி என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக் கையெழுத்துப் போட்ட எனக்கு, வெறும் லாரியில் திரும்பி வந்தவரைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை என்பது திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது.