காகத்துக்கு வைத்த முதல் துண்டு

வினையின் வாசலில் முன்னே நின்று வழி திறக்கும் ஆனைமுகப் பெருமானே, இச்சொற்களுக்கும் நீயே முன்நிற்க. மெல்ல நடந்தாலும் தவறாது வந்து சேரும் சனீஸ்வரனே, நின் பார்வை எம் இல்லத்தின்மீது இளகி விழுக.

கடந்துபோன சனிக்கிழமை, புரட்டாசித் திங்களின் கடைசிச் சனி. வரும் வியாழனன்று என் மனைவிக்கு இருதய வால்வில் அறுவைச் சிகிச்சை. அது நலமாய் முடியவேண்டி, இவ்வாண்டுப் புரட்டாசிச் சனிகள் அனைத்தையும் பழுதின்றி நோற்பதாக நேர்ந்திருந்தேன். எங்கள் முறைப்படி, கோயிலில் எள்ளெண்ணெய் எரித்து, சனீஸ்வரனின் வாகனமாகிய காகத்துக்கு முதலில் உணவு வைத்து, அது வாய்வைத்த பின்னரே நோற்பவர் உண்ண வேண்டும். முன்னைய சனிகளில், புலம்பெயர்ந்து நாங்கள் வாழும் வெம்பிளியில் எம் வீட்டுப் பின்மதிலில் காலையிலேயே காகம் வந்து காத்திருக்கும். அன்று அது தென்படவில்லை. நான் அதை எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த அபசகுனம் மெய்யாகிவிடும் போலிருந்தது.

மகள் எங்களைக் காரில் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றாள். எண்ணெய் எரித்துவிட்டுக் காரை நோக்கி நடக்கையில் வழியில் உழவர் சந்தை கூடியிருந்தது. பூசணியும் ஆப்பிளும் அடுக்கிய மேசைகளுக்கு அப்பால், விறகடுப்பு ஒன்றில் ஒருவர் பீட்சா சுட்டுக்கொண்டிருந்தார். மாவு வேகும் மணம் தெருவெங்கும் பரவியிருந்தது. என் மனைவி நின்றாள்.

“நல்ல வாசமாக் கிடக்கு,” என்றாள்.

மகள் அவளை உற்றுப் பார்த்தாள். பல வாரங்களாக அவளுக்கு உணவில் விருப்பமே இல்லை. உடல் இன்னும் இளைத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போட நேரும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

“என்னம்மா, பீட்சா தின்னப் போறீங்களோ?”

“ஒரு துண்டு பாப்பம்,” என்று சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையின் பொருள் எனக்குத் தெரியும். மணமான நாள்முதல், நான் விரதமிருக்கும் நாட்களில் அவள் எனக்கு முன் உண்டதில்லை. நான் உண்ணாவிடில் அவளும் உண்ணாள். அவள் முந்தி உண்டால், என் விரதத்தில் பழுது நேருமோ என்ற அச்சம் எனக்கு.

“அம்மா, விரதம் அப்பாவுக்குத்தானே, உங்களுக்கில்லையே,” என்றாள் மகள்.

“அவர் சாப்பிடட்டும். நானென்ன, இப்பவே விழப்போறனே?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு வியாழக்கிழமைதான் நினைவுக்கு வந்தது.

அடுப்படியில் நின்றவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். கழுத்தில் சிறு சிலுவை. “ஐயா யாழ்ப்பாணமோ? நான் மன்னார். இத்தாலியில கனகாலம் இந்த அடுப்போடதான் நிண்டனான்.”

“தம்பி, உந்தச் சீஸ் சைவமோ?” என்று கேட்டேன்.

“மேல தூவுறது சரிவராது ஐயா. கண்டுக்குட்டியின்ர இரைப்பையில எடுக்கிற சாமான் அதில சேருது. விரதமெண்டா சீஸே வேண்டாம். தக்காளியும் ஒலிவ் எண்ணெயும் போட்டுச் சுட்டுத் தாறன்.”

“உள்ளி?” விரதத்தில் பூண்டுக்கும் இடமில்லை.

“அதுவும் இல்லை.”

நீண்ட பிடிகொண்ட தட்டை நோக்கினேன். சற்று முன் இறைச்சி போட்ட பீட்சாவை அதில்தான் எடுத்தார்.

“அப்பா, உங்களுக்குப் பின்னால கியூ நிக்குது,” என்று மகள் முணுமுணுத்தாள்.

“நிக்கட்டும் அக்கா. தவக்காலத்தில என்ர அம்மா இதைவிடக் கேள்வி கேப்பா,” என்று சிரித்தவர், புதிய அலுமினியத் தாளில் மாவை விரித்துத் தனியே அடுப்பினுள் வைத்தார். அக்கினிக்குத் தீட்டில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மனம் தேறவில்லை.

பெட்டி கைக்கு வந்ததும் முதல் துண்டை எடுத்துக்கொண்டு, சந்தையின் ஓரத்து மதிலை நோக்கி நடந்தேன்.

“அப்பா, இஞ்ச பறவையளுக்குப் போட்டா கவுன்சில் ஃபைன் அடிக்கும்.”

“நான் போடேல்லப் பிள்ளை. வைக்கிறன்.”

வேட்டியின் மேல் ஓவர்கோட் அணிந்த ஒரு கிழவன் மதிலருகே நின்று “கா, கா” என்று அழைப்பதைச் சிலர் திரும்பிப் பார்த்தனர். காகம் ஒன்று எதிர்வீட்டுப் புகைபோக்கியில் இருந்தது. இறங்கவில்லை. புறாக்கள் வந்தன. குடையால் விரட்டினேன்.

“புறாவும் பறவைதானே, விடுங்கோவன்,” என்றாள் மகள்.

“சனீஸ்வரன் புறாவிலயோ வாறவர்?”

பின்னால் மனைவி சிரிப்பது கேட்டது. நான் திரும்பவில்லை. துண்டின் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. நாள்தோறும் ஓதும் பதிகத்தை வாய்க்குள் தொடங்கினேன். நாலாவது அடி நினைவில் எழவில்லை. காகம் இறங்காவிட்டால் நோன்பு குறையும். குறைந்த நோன்போடு வியாழக்கிழமையை எப்படி எதிர்கொள்வேன்?

“இஞ்சாருங்கோ,” என்றாள் அவள்.

திரும்பினேன். அவள் கையில் பாதி தின்ற துண்டு. உதட்டோரம் தக்காளிச் சிவப்பு.

“பசி தாங்கேலாமப் போச்சு. குறை நினையாதேங்கோ.”

முதலில் அச்சமே எழுந்தது. இத்தனை ஆண்டுகளில் நிகழாதது, இன்றா நிகழவேண்டும்? பிறகுதான் அவள் சொன்ன சொல் செவியில் இறங்கியது. பசி. அச்சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம். மகள் முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டாள்.

“ஆற முந்தி நீர் சாப்பிடும்,” என்றேன்.

அவள் இன்னொரு துண்டும் எடுத்தாள். “உப்புக் காணாது,” என்றாள். “சீஸில்லாமச் சப்பெண்டு இருக்குமெண்டு நினைச்சன், பிழையில்லை.” என் சமையலில் குறை காண்பதைக்கூட அவள் விட்டிருந்த நாட்கள் அவை.

மீண்டும் மதிலைப் பார்த்தபோது துண்டு அங்கே இல்லை. புகைபோக்கியிலும் காகம் இல்லை. புறாக்கள் எட்டத்தில் நின்றன. யார் எடுத்தது என்று நான் காணவில்லை.

“காகம்தான் கொண்டுபோனது. நான் கண்டனான்,” என்று மனைவி ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். “பிடியுங்கோ.”

மகள் ஏந்திய பெட்டியின் பக்கம் திரும்பி, அவள் மதிலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். அது தெரிந்தும் நான் வாங்கி உண்டேன். மாவின் விளிம்பில் சற்றே கரி. நடுவில் தக்காளியின் புளிப்பு.

இதை எழுதும் இன்று புதன்கிழமை. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் பை கதவருகே இருக்கிறது. அவள் அடுக்களையில் நின்று, நான் வைத்த ரசத்தில் புளி கூடிவிட்டது என்கிறாள். என் நோன்பு நிறைந்ததா, குறைந்ததா என்பது எனக்குத் தெரியாது. அறிந்தவன் அறிவான்.

இதை வாசிக்கும் யாவருக்கும் நோயற்ற பசியும், பசிக்கு உணவும், பகிர்ந்துண்ணத் துணையும் என்றும் குறையாதிருக்க. நீங்கள் அஞ்சிக் காத்திருக்கும் நாள் எதுவாயினும், அது நல்லபடி விடிக.