பதினொன்றுக்கு மேல் போகாத மேகசின்

வெல்டா முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓக்லஹோமாவின் செம்மண் சாலைகளில் ஒரு பிள்ளையைக்கூடத் தவறவிடாமல் வீடு சேர்த்தவள். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து ஒருவரும் அவளை எதற்கும் தேடவில்லை. எங்கெங்கோ சர்ச்சுகளில் துப்பாக்கிச்சூடு நடப்பதைக் கேட்டு அவள் சர்ச்சிலும் காவல் குழு அமைத்தபோதுதான் அவளுக்கு மறுபடி உயிர் வந்தது. ஆறு வருடமாக ஞாயிறுதோறும் ஆராதனை முடியும்வரை வாசற்கதவருகே நின்றாள். கோட்டுக்குள் சின்னக் கைத்துப்பாக்கி இருக்கும். குழுவில் அவள் ஒருத்திதான் பெண்.

அந்த இடத்துக்கு வேட்டு வைத்தது ஒரு மேகசின். அவள் துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் பழைய மேகசினில் பத்துத் தோட்டா அடங்கும். குழுத் தலைவர் டீக்கன் ராய்ஸுக்கு அது போதவில்லை. அதே உயரக் கூட்டில் பதினைந்தை அடைக்கும் புது ரகம் வந்திருக்கிறது, இனி எல்லோருக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டார். வருடாந்திரச் சுடும் தேர்விலும் பதினைந்தையும் நிறுத்தாமல் சுட வேண்டுமாம்.

தேர்வு நாள் காலை வெல்டா சமையலறை மேசையில் உட்கார்ந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள். பத்து வரை தொல்லையில்லை. பதினொன்று முக்கி முனகிப் போனது. பன்னிரண்டாவதற்கு உள்ளே இருந்த ஸ்பிரிங் கல்லாக நின்றது. வாதம் பிடித்த கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. மேசை விளிம்பில் வைத்து அழுத்திப் பார்த்தாள். நகம் கிழிந்ததுதான் மிச்சம். யாரிடமாவது கொடுத்து அடைக்கச் சொல்லலாம்தான். செத்தாலும் கேட்க மாட்டாள். ஆண்கள் ஆறு பேரும் அடைத்துக்கொண்டு வரும்போது, தான் மட்டும் கையை நீட்டுவதா? பதினொன்றோடு கிளம்பினாள். ராய்ஸ் என்ன, எண்ணிக்கொண்டா நிற்கப்போகிறார்?

எண்ணினார். சுடுகளத்தில் பதினோராவது வெடித்ததும் தோட்டா தீர்ந்த துப்பாக்கி வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"என்ன சிஸ்டர், அதுக்குள்ள தீந்துபோச்சா?"

"பதினொண்ணுதான் போட்டேன். பதினொண்ணும் குறி அட்டைக்கு நட்ட நடுவுல இருக்கு, போய்ப் பாருங்க."

"பாத்துட்டேன். பதினஞ்சுன்னா பதினஞ்சுதான்."

"உங்க பதினஞ்சும் டுவேனோட பதினஞ்சும் மூலைக்கு ஒண்ணா சிதறிக் கெடக்கு. அது பரவாயில்லையா?"

"அட்டைல பட்டா போதும்னுதானே விதி. இந்த ஞாயிறுலேர்ந்து கதவுக்கு டுவேன் நிக்கட்டும். அடுத்த வருஷம் பாப்போம்."

விதியாம், பெரிய விதி. வெல்டா பல்லைக் கடித்துக்கொண்டு தன் காரை நோக்கி நடந்தாள். வழியில் ராய்ஸின் பிக்கப் வண்டி நின்றது. அதன் பின்பலகையில் அவர் மனைவி லானெல் ஒரு நெம்புகோல் கருவியை வைத்துக்கொண்டு, அடுத்த சுற்றுக்காக வரிசையாக மேகசின்களை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் யாரோடது?"

"எல்லாரோடதும்தான். என் வீட்டுக்காரரால எட்டுக்கு மேல முடியல. ஆறு பேருக்கும் நான்தான் அடைச்சுத் தரேன்."

"என்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"உன்கிட்ட யாரு சொல்றது? போன ஜனவரில பனில மாட்டுன உன் காரைத் தள்ள வந்தவங்களையே 'போய் உங்க வேலையப் பாருங்க'ன்னு வெரட்டுனியே. அந்த பயந்தான்." லானெல் கையை நீட்டினாள். "இப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. உன் மேகசினைக் கொடு, அடைச்சுத் தரேன். இன்னொரு தடவ சுட விடச்சொல்லி நான் அவர்கிட்ட பேசறேன்."

"வேண்டாம்" என்றாள் வெல்டா. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. காரில் ஏறிக் கதவை அறைந்த பிறகு நெஞ்செல்லாம் எரிந்தது. ராய்ஸ் மேல் பாதி எரிச்சல், தன் மேல் மீதி.

ஞாயிற்றுக்கிழமை, ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் கதவு கிறீச்சிடும் ஒவ்வொரு முறையும் கழுத்து தானாகத் திரும்பியது.

"என்ன வெல்டா, பிரசங்கம் கேக்காம அங்கயே பாக்கற?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "அதான் கதவுகிட்ட டுவேன் நிக்கிறானே."

"அதான் பாக்கறேன்" என்றாள் வெல்டா.