அண்ணி பார்த்துச் சொன்ன மணிக்கூண்டு

என் அண்ணன் இந்த ஆற்றங்கரைத் தோட்டத்தில் மரங்களுக்குக் கிளை கழிக்கிறவன். நான் பாதை பெருக்குகிறேன். நகரம் எங்கள் வேலி வரை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஆனாலும் கரையிலுள்ள கல்மேடையில் நின்றால், அந்தக் காலத்தில் தெரிந்தபடியே ஆற்று வளைவும் அக்கரை மணிக்கூண்டும் முழுதாகத் தெரிய வேண்டும். அதைக் காப்பாற்றத்தான் எங்களுக்குச் சம்பளம்.

மரத்தில் இருப்பவனுக்கு எந்தக் கிளை மறைக்கிறது என்று தெரியாது. அதனால் அண்ணி மேடையில் நின்று கை காட்டுவாள். வலது கையைத் தூக்கினால் வெட்டு, இடது கை என்றால் விடு. காற்றிலும் தண்ணீர்ச் சத்தத்திலும் பேச்சு எடுபடாது. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் இதுதான் பிழைப்பு. வீட்டில்கூட, சோறு போதும் என்பதற்கு அண்ணன் இடது கையைத்தான் தூக்குவான். வாயைத் திறந்து சொன்னால்தான் என்னவாம்!

அண்ணி நல்ல குள்ளம். 'அரைப்படி' என்றுதான் அண்ணன் அவளைக் கூப்பிடுவான். அவளும் சளைத்தவளல்ல. "மரத்துமேல உக்காந்தா எல்லாரும்தான் உசரம்" என்பாள்.

தோட்டம் பார்க்க வருகிறவர்களில் சிலர், கிளை மறைக்கிறது என்று குறை சொல்வதுண்டு. அண்ணன் எகிறுவான். "எங்க வீட்டுக்காரி பார்த்துச் சொன்னது தப்பாகுமா?" நானும் துடைப்பத்தோடு போய்ச் சண்டைக்கு நிற்பேன். ஆனால் அவன் ஒரு நாளும் மேடை ஏறிப் பார்த்ததில்லை. இறங்கினால் அரிவாளைத் துடைப்பான், டீ குடிப்பான். பார்ப்பது அவள் பாடு என்று இருந்துவிட்டான்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அண்ணி போய்விட்டாள். அதற்கப்புறம் அண்ணனுக்கு மரம் ஏறக் காலில் தெம்பில்லை. ஏறுவதற்குப் புது ஆள் ஒருவனைப் போட்டு, கை காட்ட அண்ணனை மேடைக்கு அனுப்பினார்கள்.

போய் நின்றவன் முகம் செத்துப்போனது. எதிரே நீண்டிருந்த ஒரு கிளை மணிக்கூண்டை அப்படியே மறைத்தது.

"இத்தனை வருஷமும் தப்பாவா வெட்டினோம்?" என்றான் என்னிடம்.

எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. பெருக்குகிற வாக்கில் குனிந்தே பார்த்துப் பழகியவள் நான். நிமிர்ந்து பார்த்தால் எனக்கும் மறைத்தது.

அண்ணன் முழங்காலை மடக்கி, அண்ணியின் தலை அவன் நெஞ்சில் எதுவரை வருமோ அந்த அளவுக்குத் தாழ்ந்தான். கிளைக்கு அடியில் மணிக்கூண்டு முழுதாகத் தெரிந்தது. அப்படியே இருந்தான். நான் அழுதுவிட்டேன்.

தோட்டத்துச் சூப்பர்வைசர் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "கிளையை எடுத்துடலாமாண்ணே? எல்லாரும் வந்து பார்க்கிற இடம். இருந்தாலும் நீங்க சொல்றதுதான்."

"இருக்கட்டும்மா" என்றேன் நான் முந்திக்கொண்டு. கொஞ்சம் குனிந்து பார்த்தால் யாரும் குறைந்தா போய்விடுவார்கள்?

அண்ணன் நிமிர்ந்து நின்று வலது கையைத் தூக்கினான். தூக்கிய கையை இறக்கவில்லை.

கிளை விழுந்ததும் புது ஆள் இறங்கி வந்தான். "இப்ப சரியாத் தெரியுதாண்ணே?"

"நல்லாத் தெரியுதுப்பா. இனி யார் நின்னாலும் தெரியும்."

அவன் அந்தப் பக்கம் போனதும் அண்ணன் என்னிடம் சொன்னான்: "அவ உசரம்னு மிச்சமிருந்தது அந்தக் கிளை ஒண்ணுதான்."