நெருப்புப் பாம்பைத் தாண்டத் தெரியாத மாமா

நான் நான்காம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் கடைசித் தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வெளிநாட்டுக்குப் போகும் வழி சரிவரும்வரை எங்களோடு தங்குவதாக ஏற்பாடு. ஒரு சின்னப் பையுடன் வந்தவர், உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக முன்னறை யன்னல் சீலையை இழுத்து மூடினார். வெயில் கண்ணில் கூசுகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அன்று கண்டியில் வெயிலே இல்லை.

எங்கள் வீடு கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியிலிருந்து பிரிந்து மேட்டில் ஏறும் ஒழுங்கையில் இருந்தது. அந்த ஒழுங்கையில் நாங்கள் மட்டும்தான் தமிழர்கள். அப்பா ஹேவாஹெட்டையில் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்கு வந்தவர். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை. இரண்டு பக்கத்துச் சொந்தக்காரருக்கும் பிடிக்காத கலியாணம் என்பதால் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது குறைவு. ஆகவே மாமா வந்தது எனக்குப் பெரிய விசேஷம். நான் அப்பாவைப் போலத்தான் பேசுவேன். "வாங்க, போங்க" என்று நான் சொல்வதைக் கேட்டு மாமா சிரிப்பார். "வாங்கோ எண்டு சொல்லு பாப்பம்" என்பார். நான் சொல்ல மாட்டேன்.

மாமா வந்த அடுத்த வாரம், அப்பா கண்டி டவுனிலிருந்து ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். பென்சில் சிறுத்துப்போனால்கூடப் புதியது வாங்கித் தராத மனிதர். கறுப்புப் பெட்டி, அதில் செருகுகிற மஞ்சள் கெசட், வயர் நீண்ட இரண்டு ரிமோட். எனக்காகத்தான் வாங்கினார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. "மச்சான், நீங்களும் பிள்ளையோட சேர்ந்து விளையாடுங்க. பொழுது போகும்" என்று அப்பா மாமாவிடம் சொன்னது, எனக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்பதற்காக என்று எடுத்துக்கொண்டேன். மாமா வெளியே போவதேயில்லை. கடைக்குப் போக மாட்டார், வாவியைப் பார்க்க வர மாட்டார், முற்றத்தில்கூட நிற்க மாட்டார். பெரிய மனிதராகவும் இருந்துகொண்டு, நாள் முழுக்க வீட்டில் இருந்து விளையாடவும் கிடைக்கிற அதிர்ஷ்டம் யாருக்கு வரும்? நானும் வளர்ந்தால் மாமாவைப் போலத்தான் ஆக வேண்டும் என்று இருந்தேன்.

அந்த விளையாட்டில் ஒரு சின்ன மனிதன் ஓடிக்கொண்டே இருப்பான். பள்ளம் வந்தால் பாய வேண்டும், ஆமை வந்தால் மிதிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஏதாவது செய்து ஒழித்துவிடலாம், ஒன்றைத் தவிர. இரண்டாவது உலகத்தில் வெறும் மணலாகக் கிடக்கும் இடத்தில் ஒரு நெருப்புப் பாம்பு இருந்தது. தலை ஒரு தீப்பந்து, உடம்பு அதன் பின்னால் வால் பிடித்து வரும் சின்னச் சின்னத் தீக்கொழுந்துகள். அது ஊராது. துள்ளித் துள்ளி வரும். மிதித்தால் மிதித்தவன்தான் சாவான். எதை எறிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. தாண்டிவிட்டோம் என்று மூச்சு விட்டால், இன்னும் இரண்டு இடம் தள்ளி மறுபடி நிற்கும். பிற்பாடு கிடைத்த அடுத்த கெசட்டிலும் அது இருந்தது.

எனக்கு அதைத் தாண்டத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. கணக்கில் கெட்டிக்காரர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க இடம் கிடைத்தும் வர முடியாமல் போனவர் என்றெல்லாம் அம்மா சொல்லுவார். ஆனால் அந்தப் பாம்பைக் கண்டதும் மாமாவுக்கு அவசரம் வந்துவிடும். பட்டனை முன்னதாகவே அழுத்திவிடுவார். மனிதன் அந்தரத்தில் பாய்ந்து, நேரே தீயின் தலையில் போய் விழுவான்.

"எடி பிள்ளை, இது என்னைக் கண்டாத்தான் துள்ளுது. நீ விளையாடேக்க சும்மா கிடக்குது" என்பார்.

"அது கிட்ட வர்ற வரைக்கும் பொறுக்கணும் மாமா. அது மேல துள்ளுறப்போ நாம கீழால ஓடிறணும்."

"கிட்ட வர விட்டா சுட்டுப்போடுமே."

"சுடாது. பயந்தாத்தான் சுடும்."

மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "சரி ரீச்சர்" என்பார். அடுத்த தடவையும் அதே இடத்தில் சாவார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புத்தகப்பையை எறிந்துவிட்டு அவருக்கு அதைப் பழக்குவதே என் வேலையாக இருந்தது. சமையலறையிலிருந்து அம்மா, "வீட்டுப் பாடத்தைச் செய்யடி" என்று கத்துவார். அந்த டிவி பக்கம் அம்மா திரும்பியும் பார்த்ததில்லை. கரண்ட் பில் ஏறுகிறது என்பது மட்டும்தான் அம்மாவுக்கு அதைப் பற்றித் தெரிந்தது.

ஒருநாள் பின்னேரம், தேத்தண்ணி குடித்து முடித்த நேரம், பொலிஸ் ஜீப் ஒன்று ஒழுங்கையில் ஏறி வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே வந்தவர்கள் சத்தம் போடவில்லை. மாமாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். அப்பாவுடன் சிங்களத்தில் பேசினார்கள். அப்பா அம்மாவிடம் திரும்பி, "ஒண்ணுமில்ல. கொஞ்சம் விசாரிக்கணுமாம். கூட்டிட்டுப் போயிட்டு அனுப்புறாங்களாம்" என்றார்.

மாமா அப்போது மணல் உலகத்தில் இருந்தார். பாம்பு துள்ளத் தொடங்கியிருந்தது. நடுப் பட்டனை அழுத்தினால் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். மாமா அதை அழுத்திவிட்டு ரிமோட்டை என் கையில் தந்தார்.

"பிள்ளை, இதை நிப்பாட்டிப்போடாதை. மிச்சத்தை நான் வந்து விளையாடுறன்" என்று சொல்லிவிட்டு, சேர்ட்டை மாட்டிக்கொண்டு அவர்களோடு போனார்.

அவர்கள் போனதும் பக்கத்து வீட்டு அங்கிள் வந்தார். கடுகண்ணாவை ஸ்டேஷனில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற சிங்களவர். ரயிலில் பழகிய தமிழ் கொஞ்சம் பேசுவார். "டீச்சர், பயம் வேணாம். நானும் போறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அப்பாவுடன் கிளம்பினார். வீட்டில் அம்மாவும் நானும் டிவியும்தான். திரையில் அந்தச் சின்ன மனிதன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். பாம்பு அவனுக்கு எதிரே அந்தரத்தில் தொங்கியது. விளக்கு வைக்கும் நேரம் ஆகியும் அம்மா டிவியை நிறுத்தச் சொல்லவில்லை. கரண்ட் பில்லை அம்மா மறந்துவிட்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். சோறு போடக்கூட எழும்பாமல், அம்மா கதிரையில் இருந்து அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மழை பிடித்தது. எங்கோ மலைப்பக்கம் இடி விழுந்தது. கரண்ட் போய்விட்டது.

இருட்டில் அம்மா அழும் சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு. அம்மா அழுது நான் அதுவரை கேட்டதில்லை. தடவித் தடவிப் போய் அம்மாவின் மடியைப் பிடித்தேன்.

"அழாதீங்க அம்மா. கரண்ட் வந்ததும் நான் திரும்ப அந்த எடத்துக்குக் கொண்டு வந்து வச்சிடுறேன். எனக்கு அரைமணித்தியாலம் போதும்."

அம்மா என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விளையாட்டில் இவ்வளவு பிடிப்பை வைத்துக்கொண்டா இத்தனை நாளும் என்னை ஏசினார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சொன்னபடி மறுநாள் காலையிலேயே மனிதனைப் பாம்புக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி வைத்தேன். பள்ளிக்கூடம் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பகல் கடந்து அப்பாவும் அங்கிளும் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அங்கிள் தன் ரயில்வே சேவையையெல்லாம் எடுத்துச் சொல்லி, இந்தப் பையனுக்கு நான் பொறுப்பு என்று நின்றாராம். மாமா மெதுவாக நடந்து வந்து பாயில் சாய்ந்தார். நான் ரிமோட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வலது கை விரல்கள் வீங்கியிருந்தன.

"என்ன மாமா கை?"

மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அங்கயும் ஒரு டிவி கேம் இருக்குதடி பிள்ளை. அவங்கள் ஒருத்தருக்கும் நெருப்புப் பாம்பைத் தாண்டத் தெரியேல்லை. என்னைப் பழக்கிவிடச் சொல்லி ஒரே கரைச்சல். விடிய விடிய பட்டன் அமத்தி அமத்திக் கை வீங்கிப்போச்சு."

அம்மா எழும்பிச் சமையலறைக்குப் போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"உங்களுக்கே தாண்டத் தெரியாதே. நீங்க எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

"அதுதான் நானும் சொன்னனான். கேட்டாத்தானே."

"என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"ஓம் பிள்ளை. அது பிழைதான்" என்றார் மாமா. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே கொஞ்ச நாள் படுத்துக் கிடந்தார். அம்மா ஒத்தடம் கொடுத்தார். இரவெல்லாம் விளையாடினால் இப்படித்தான் ஆகும் என்று இனியாவது பெரியவர்களுக்கு விளங்கட்டும் என நினைத்தேன். மாமா வெளியே பார்த்த ஒரே இடத்திலும் டிவி கேம் இருந்திருக்கிறது, அங்கும் என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாததாக இருந்தது.

சில வாரங்கள் கழிந்தன. ஒரு சனிக்கிழமை காலை மறுபடி ஜீப் வந்தது. இந்தத் தடவை வேறு ஆட்கள். மீசை நரைத்த சார்ஜன்ட் ஒருவரும், துவக்கைத் தோளில் போட்ட இளம் பொலிஸ்காரர் ஒருவரும் இறங்கினார்கள். அப்பா படலையைத் திறக்கப் போகுமுன் நான் ஓடிப்போய்விட்டேன். ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடி எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு.

"மாமாவைக் கூட்டிட்டுப் போகாதீங்க. மாமாவுக்கு அந்த நெருப்பு வேலை தெரியாது. அவர் சொல்லியும் அங்க யாரும் கேக்கல்ல. எனக்குத்தான் தெரியும். என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்று சிங்களத்தில் சொன்னேன்.

சார்ஜன்ட் நின்றார். அவருடைய முகம் மாறியது. இளையவர் துவக்கைத் தோளிலிருந்து கையில் எடுத்தார்.

"என்ன நெருப்பு?" என்று சார்ஜன்ட் கேட்டார். என்னிடமல்ல, எனக்குப் பின்னால் வந்து நின்ற அப்பாவிடம். அப்பா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாசலில் மாமா இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி, அசையாமல் நின்றார்.

அங்கிள் அடுத்த வீட்டிலிருந்து வேலியைத் தாண்டி வந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. "விளையாட்டு சார், பிள்ளைகளின் டிவி விளையாட்டு. அதில் ஒரு பாம்பு இருக்கிறது" என்று சொல்லி உரக்கச் சிரித்தார். அங்கிள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவரைத் தவிர ஒருவரும் சிரிக்கவில்லை.

சார்ஜன்ட் என்னைக் குனிந்து பார்த்தார். "அப்படியா மகள்? காட்டு பார்ப்போம்" என்றார்.

எல்லோரும் உள்ளே வந்தோம். நான் பெட்டியைப் போட்டு, கெசட்டை ஊதிச் செருகி, நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்தேன். சார்ஜன்ட் கதிரையில் இருந்தார். இளையவர் கதவடியில் நின்றார். முதலாவது உலகத்தை ஓட்டமாக முடித்தேன். சார்ஜன்ட் அவசரப்படவில்லை. மணல் வந்தது. அப்புறம் அது வந்தது, துள்ளித் துள்ளி.

"ஆங், இதுதானா?" என்றார் சார்ஜன்ட்.

நான் பொறுத்தேன். கிட்ட வர விட்டேன். அது மேலே எழும்பியதும் கீழால் ஓடினேன். இளையவர் வாய்விட்டுச் சிரித்தார். துவக்கு மறுபடி தோளுக்குப் போனது. "என் மகன் வீட்டில் இதிலேதான் சாகிறான்" என்று சார்ஜன்டிடம் சொன்னார். சார்ஜன்ட் எழுந்து, என் தலையில் கையை வைத்துவிட்டு, மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் வெளியே போனார். ஜீப் ஒழுங்கையில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகும் முன்னறையில் யாரும் அசையவில்லை. அம்மா நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா சுவரோடு சாய்ந்து நின்றார். அங்கிள் மாமாவின் தோளைப் பிடித்திருந்தார். மாமா என் முதுகுக்குப் பின்னால் இருந்து பெரிதாக மூச்சு விட்டது என் கழுத்தில் பட்டது.

"மிச்சத்தையும் காட்டவா?" என்று கேட்டேன். ஏச்சு விழும் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"ஓம், காட்டு" என்றார் அம்மா.

நான் காட்டினேன். கோட்டை, கடல், மேகத்துக்கு மேலே உள்ள ஊர் எல்லாம் காட்டினேன். சமையலறையிலிருந்து சோறு கருகும் மணம் வந்தது. அதற்கும் யாரும் எழும்பவில்லை. இத்தனை நாளைக்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் என் விளையாட்டு விளங்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்து, நான் இன்னும் வேகமாக ஓடினேன்.