தார் பூசிய கிறிஸ்துமஸ் மரம்

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் நிஜமான கிறிஸ்துமஸ் மரம் வைத்த முதல் வீடு எங்களுடையதுதான். கடைசி வீடும் அதுவாகத்தான் இருக்கும். மற்ற கிறிஸ்தவ வீடுகளில் எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து விரித்து, ஜனவரியில் மறுபடி மடித்து வைக்கிற பிளாஸ்டிக் மரம். அப்போது எனக்கு ஒன்பது வயது. வாய்க்கு மட்டும் பத்தொன்பது என்பாள் அம்மா.

மரத்தைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் மரம் சீவிக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறுகளில் சிரம்பான் டவுனில் ஒரு செடிக்கடைக்குப் போய் லாரியில் சாமான் ஏற்றி இறக்குவார். குளிர் தேசத்திலிருந்து கடைக்கு வந்த மரங்களில் ஒன்று நுனி ஒடிந்துபோயிருந்தது. விற்காது என்று கடை முதலாளியான சீனத் தவுக்கே அதை மாமாவுக்கே கொடுத்துவிட்டார்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் எங்கள் வீட்டுக்கு வருவார், ஆனால் வீட்டுக்குள் வரமாட்டார். அம்மா இந்துக் குடும்பத்தில் பிறந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனவள். அந்தக் கோபத்தில் அவளைப் பெற்றவர், இனி யாரும் அந்த வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். அக்காவையும் விட முடியாமல், பெற்றவர் சொல்லையும் தட்ட முடியாமல், மாமா மோட்டார் சைக்கிளை அணைக்காமலே வாசலில் நின்று, கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அம்மா தேநீர் கலக்கிக்கொண்டு வருவதற்குள் மோட்டார் லயத்து முனையைத் தாண்டியிருக்கும். மாமாவுக்குக் கூச்சம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்றும் மோட்டார் உறுமிக்கொண்டேதான் இருந்தது. பின்னால் கட்டியிருந்த மரத்தை அவிழ்த்துக்கொண்டே, தவுக்கே சொன்னதையெல்லாம் ஒப்பித்தார். மரத்தின் அடி எப்போதும் தண்ணீரில் நிற்க வேண்டும். அடுப்பு, மெழுகுவர்த்தி பக்கம் ஆகாது. தூங்கப் போகும்போது லைட்டை அணைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் மண்ணெண்ணெய் ஊற்றியதுபோல் பற்றிக்கொள்ளும். பிறகு தன் பங்குக்குச் செய்ததைப் பெருமையோடு காட்டினார். வெட்டுப்பட்ட அடிப்பாகம் முழுவதும் கறுப்பாகத் தார் பூசியிருந்தார். பால் மரத்தில் பட்டை காயப்பட்டால் அழுகாமல் இருக்கப் பூசுவார்கள், அதே வைத்தியம்.

“அடி அழுகாதுக்கா. நல்லா ரெண்டு கோட்டு போட்டுட்டேன்லா,” என்றார்.

அப்பா விரலால் தட்டிப் பார்த்து, பலே என்றார். அம்மாவுக்கும் திருப்தி. மூன்று தலைமுறையாக மரத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்கள். ஒருவருக்குக்கூட அதில் தப்புத் தெரியவில்லை.

ஒரு பழைய பெயிண்ட் டின்னில் கற்களைப் போட்டு மரத்தை நிறுத்தினோம். மாதா படத்துக்கு முன்னால் ஏற்றுகிற மெழுகுவர்த்தியை அம்மா சமையலறைப் பக்கம் மாற்றினாள். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன். வீடு எரிந்தால்தான் கோபித்துக்கொள்வார் என்றாள். ஒயர் ஒட்டுப்போட்டிருந்த பழைய பல்பு மாலையைக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று வாங்கிவரச் சொன்னாள். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. காலையும் மாலையும் குவளையோடு போய்க் குனிந்து பார்ப்பேன். டின்னில் தண்ணீர் குறைந்தே இருக்காது. ஏதோ நாலு சொட்டு ஊற்றிவிட்டு, எங்கள் மரம் ரொம்பச் சமர்த்து, அதிகம் கேட்காது என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் மாமா போன் செய்தார். பண்டிகையன்று மத்தியானம் வருகிறாராம். மரத்தில் லைட் போட்டு வைக்க வேண்டுமாம், உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். அம்மா போனை வைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “உள்ளே வரேன்னு சொன்னான்,” என்று அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாள். பத்து வருஷமாக அவள் காத்திருந்தது அதற்குத்தான்.

அதே நாள்தான் மரத்தின் இலைகள் பொலபொலவென்று கொட்டத் தொடங்கின. அப்பா சிரம்பானுக்குப் போய்ச் செடிக்கடையில் விசாரித்தார். தவுக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். வெட்டிய அடிவழியாகத்தான் மரம் தண்ணீர் குடிக்கும்; வீட்டுக்குக் கொண்டுபோனதும் அடியில் புதிதாக ஒரு துண்டு அறுத்துவிட்டுத்தான் தண்ணீரில் வைக்க வேண்டும்; நீங்கள் அதன் வாயையே அடைத்துவிட்டீர்கள் என்றாராம். இனி அறுத்தும் பிரயோசனம் இல்லையாம்.

ஒரே ஒரு மத்தியானம்தானே, லைட் போட்டுவிட்டு உடனே அணைத்துவிடலாம் என்றார் அப்பா. நான் அதற்கு மேல் கெஞ்சினேன். அம்மா ஒரு சின்னக் கிளையை ஒடித்து, பின்பக்கம் கொண்டுபோய் சிமெண்டுத் தரையில் வைத்து நெருப்புக்குச்சியைக் காட்டினாள். குப்பென்று அவள் முகம்வரை எழும்பியது. எங்களுடையது பலகைச் சுவர் வீடு. எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை. அம்மா உள்ளே வந்து, ஜோடனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மரம் வாசலுக்குப் போயிற்று.

கிறிஸ்துமஸ் மத்தியானம் மாமா வந்தபோது மரம் மண்ணில் படுத்துக் கிடந்தது. மாமாவுக்கு முகம் செத்துப்போயிற்று. மோட்டாரை அணைக்கவில்லை. கால் இன்னும் கியரில்தான் இருந்தது.

அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்தாள். “இவதான்டா. தண்ணி ஊத்துடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். விளையாட்டுப் புத்தி, ஊத்தல. காஞ்சிருச்சு.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருநாள்கூடத் தவறியதில்லையே. பொய் என்று கத்தினேன். “மாமாதான் தார்...” என்று ஆரம்பிப்பதற்குள் அம்மாவின் கை என் தோளை அழுத்தியது. கிள்ளவில்லை, அடிக்கவில்லை, அழுத்தியது. ஏனோ வாயை மூடிக்கொண்டேன்.

மாமா மோட்டாரை அணைத்துவிட்டு இறங்கினார். மரத்தின் அருகில் குந்தி, அடியில் பூசியிருந்த தாரைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அதற்குக் கீழே மரம் எலும்பாகக் காய்ந்திருந்தது. எத்தனை ஆயிரம் மரங்களைச் சீவிய கை அது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். என் தோளில் இருந்த அவள் கையைப் பார்த்தார்.

“சின்னப் பிள்ளதானேக்கா, விடு,” என்றார்.

குழாயடியில் கை கழுவும்போது என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, “நீ ஊத்தியிருப்ப பாப்பா. மாமாவுக்குத் தெரியும்,” என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நடந்தார்.

அதற்குப் பிறகு எந்தக் கிறிஸ்துமஸும் மாமா இல்லாமல் நடந்ததில்லை. இப்போது சிரம்பானுக்குப் பக்கத்தில் செண்டாயானில் என் வீட்டுக்கும் வருகிறார், என் மகள் அவர் மடியை விட்டு இறங்குவதில்லை. அவளைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் அந்தப் பொய்க்கு மனதாரக் கும்பிடு போடுகிறேன். தம்பியின் தலை குனியாமல் இருக்க வீட்டில் ஒருவர் பேர் வேண்டியிருந்தது. என் பேர் உதவியது. அதைவிடப் பெரிதாக நான் யாருக்கும் இதுவரை ஒன்றும் செய்துவிடவில்லை.

ஆனால் அன்று எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? மாமா சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். கேட்காமலே அம்மா இரண்டாம் தடவையும் கறி போட்டாள், போடும்போதே அவள் கண்ணிலிருந்து நீர் கரகரவென்று வழிந்தது. நான் மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். செய்யாத தப்புக்கு என்னை மாட்டிவிட்டாள் அல்லவா, நன்றாக அழட்டும் என்று நினைத்தேன்.