எங்கள் வீட்டுச் சாம்பார் பொடியும் நானும்

எங்கள் வீட்டில் என்னை எல்லாவற்றுக்கும் நம்புவார்கள், சாம்பார் பொடிக்குத் தவிர. மிளகாய்க் காம்பு கிள்ளுவதும் பாக்கெட் ஒட்டுவதும் நான்தான். கலவை போடும் நேரம் வந்தால் மட்டும் அப்பா என்னைப் பால் வாங்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள், அளவையும் கையோடு கொண்டுபோய்விடுவாள் என்று பயம். டெல்லி கரோல் பாகில் என்னைப் போல் பாலுக்கு அலைந்தவள் எவளும் இருக்க முடியாது.

அப்பா திருநெல்வேலியிலிருந்து குமாஸ்தா வேலைக்கு டெல்லி வந்தவர். அம்மாதான் முதலில் அவருடைய ஆபீஸ்காரர்களுக்குப் பொடி அரைத்துக் கொடுத்தாள். கேட்பவர்கள் பெருகியதும் அப்பா வேலையை விட்டுவிட்டு ஷெட் பிடித்து மெஷின் போட்டார். அன்றிலிருந்து அது அப்பாவின் கம்பெனி. கலவை அவருக்கும் அண்ணனுக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த சூட்டோடு அண்ணிக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். நேற்று வந்தவளுக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக்கூடாது. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

பிறகு நான் கல்யாணமாகி, டெல்லியிலேயே துவாரகாவுக்கு வந்துவிட்டேன். போன வருஷம் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில், எதிர் பிளாக் தமிழ்ப் பெண்மணி ஒருவர் வீட்டில் அரைத்த சாம்பார் பொடி விற்க ஆரம்பித்தார். வாங்கிக் குழம்பு வைத்தேன். முதல் வாயிலேயே தூக்கிவாரிப் போட்டது. வெந்தயத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சிவக்க வறுத்தால் வருகிற லேசான கசப்பு, அது எங்கள் பொடிக்கே உரியது. போதாக்குறைக்கு அன்று சாப்பிட வந்த அண்ணனும் ருசித்துவிட்டு, பொடி யாருடையது என்று கேட்டான். சொன்னேன். அதற்குப் பிறகு அவன் சோற்றைப் பிசைந்தானே தவிரச் சாப்பிடவில்லை.

மறுநாளே அப்பா போன் செய்தார். எதிர் பிளாக்கோடு எனக்குப் பழக்கம் உண்டா, மாப்பிள்ளை அங்கே போவாரா என்று சுற்றி வளைத்து விசாரித்தார். என் அக்கம்பக்கத்தாரைப் பற்றி அதுவரை அவர் கேட்டதே கிடையாது. என்னைத்தானே சந்தேகப்படுகிறீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"வீட்டுச் சரக்கு தானா நடந்து துவாரகா போவாதுல்லா," என்றார்.

அன்று முழுக்க அழுதேன். பிறகு என் சந்தேகம் அண்ணி மேல் திரும்பியது. வெளியிலிருந்து வந்தவர்களில் கலவை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எந்நேரமும் போனும் கையுமாக வேறு இருப்பாள். அவள் சிரித்தால் கள்ளச் சிரிப்பாகத் தெரிந்தது. சிரிக்காவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல் எதிர் பிளாக்குக்கே போனேன். அந்தப் பெண்மணி எதையும் மறைக்கவில்லை. கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பக்குவம் சொன்னார்களாம். அடையாளம் கேட்டேன். என் அம்மா. நான் அவர் மகள் என்று தெரிந்ததும், சந்தோஷத்தில் காப்பி குடிக்காமல் விடமாட்டேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கரோல் பாகில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்; நான் அவளைச் சந்தேகப்பட்டது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா பதறவே இல்லை. ரசத்தைக் கலக்கி அண்ணனுக்கு ஊற்றினாள்.

"கேட்டாவ, சொன்னேன். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். எங்கம்மை எனக்குச் சொன்னதுதானே, இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

ஊருக்கெல்லாம் சொன்னவள் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் இருக்குன்னு நெனச்சே. என்கிட்ட ஒருநாளும் கேக்கலியேளா."