கிச்சன் எப்போ முடியும், அக்கா?

கிச்சன் ரெனவேஷன் வேலையில் சேர்ந்த அன்றே என் முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்றுதான்: "இன்னும் ரெண்டு வாரம்" என்று முகம் மாறாமல் சொல்வது. சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே மல்லிகைப்பூ வாசனை, மேலே வந்தால் டைல் தூசி. எனக்கு சைட் கோஆர்டினேட்டர் என்று பெயர். கேட்பதற்குக் கௌரவமாகத்தான் இருக்கும். ஆசாரி வரவில்லை என்றால் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்குவதும், வந்துவிட்டால் அவருடைய லாரிக்கு பார்க்கிங் தேடிக் கொடுப்பதும்தான் உத்தியோகம்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் வீட்டில் கிச்சனை உடைத்துப் பார்த்திருப்பீர்கள். ஹாலில் ரைஸ் குக்கர், பாத்ரூமில் பாத்திரம் கழுவல், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு, எந்தத் துணியை உதறினாலும் சிமெண்ட். பட்டவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்! அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது ஒரு டைல் கடையில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து பில் போடுகிறேன். ஒருத்தரும் என்னைத் திட்டுவதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், போரடிக்கிறது. தீபாவளி நெருங்கினால் பொங்கோலில் செய்த வனிதா வீட்டு வேலைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆடி போய்ப் பேய் மாசம் வந்தது

எங்கள் தொழிலில் முதலாளிக்கும் மேலே ஒரு முதலாளி உண்டு. காலண்டர்! ஆடியில் நம்மாட்கள் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார்கள். ஆடி முடிந்தது, அப்பாடா என்று மூச்சு விட்டால் சீனர்களின் ஏழாம் மாதம் நடந்துகொண்டிருக்கும். பேய்கள் ஊர் சுற்றுகிற மாதத்தில் எங்கள் ஆசாரி ஆ செங் புது வேலைக்குக் கட்டை அறுக்க மாட்டார். ஆக, இரண்டு இனமும் நல்ல நாள் பார்த்து முடிப்பதற்குள் பாதி வருஷம் ஓடிவிடும். அப்புறம் எல்லாருக்கும் தீபாவளிக்குள் கிச்சன் வேண்டும்!

அப்படி ஒரு நெருக்கடியில்தான் வனிதா வந்தாள். கிளினிக்கில் நர்ஸ், நல்ல உயரம், பேச்சில் ஒரு வேகம். கல்யாணமானதிலிருந்து மார்சிலிங்கில் மாமனார் வீட்டில் இருக்கிறாள். மாமியார் சரோஜா அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியும், அந்தக் கிச்சனில் ஒரு டப்பாகூட இடம் மாறவில்லையாம். இவள் மாற்றி வைத்தால் மாமனார் ஒன்றும் சொல்ல மாட்டார், காலையில் பார்த்தால் பழைய இடத்திலேயே இருக்குமாம். இப்போது பொங்கோலில் பழைய ஃப்ளாட் ஒன்று வாங்கிவிட்டார்கள். கிச்சன் முடிந்ததும் குடி போக வேண்டும். நான் நாள் கணக்குச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, ஏழு வருஷமா நான் விருந்தாளி மாதிரி சமைக்கிறேன். இந்தத் தீபாவளிக்கு என் அடுப்புல, என் இஷ்டத்துக்கு முறுக்கு சுடணும். அவ்ளோதான் எனக்கு வேணும்."

சம்பளமில்லாத சூப்பர்வைசர்

வனிதாவும் வேலைக்குப் போகிறாள், அவள் கணவன் குமரனுக்கு ஏர்போர்ட்டில் ஷிஃப்ட். வீட்டைத் திறந்துவிட ஆள் வேண்டுமே? மாமனார் மாணிக்கம் அங்கிளிடம் சாவியைக் கொடுத்தார்கள். பஸ் ஓட்டி ரிட்டயரானவர். தினமும் மார்சிலிங்கிலிருந்து கிளம்பி, வேலையாட்கள் வருவதற்கு முன்பே பொங்கோல் வீட்டு வாசலில் நிற்பார். சலவைச் சட்டை, கையில் எல்லாருக்கும் பாக்கெட் கோப்பி. ஆகா, இப்படி ஒரு மனுஷனா என்று நான் உருகிப்போனேன். அந்த உருகலெல்லாம் டைல் ஒட்டும் வரைக்கும்தான்.

டைல் ஒட்டியது பாண்டி, புதுக்கோட்டைப் பக்கத்து ஆள், படு வேகமான கை. அவன் ஒட்டிவிட்டு நகர்ந்தால், அங்கிள் ஒரு காசை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்ப்பார். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் வேறு மாதிரி கேட்கும், அது நியாயம்தான். ஆனால் நன்றாக ஒட்டியதையும் இரண்டு மூன்று தரம் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "எதுக்கும் இதையும் எடுத்துட்டு மறுபடி வைப்பா" என்பார். நாலு நாளில் முடிய வேண்டிய தரை அடுத்த வாரத்துக்குப் போனது. பாண்டி என்னை வெளியே காரிடாருக்குக் கூட்டிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, இந்தப் பெரியவரை நீங்க எங்கியாவது சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போங்க. இவர் தட்டுற தட்டுல கீழ்வீட்டு டைலும் கழண்டு வந்துரும்."

ஒரே நேரத்தில் இரண்டு போன்

டைலோடு விட்டாரா? குழாயை இடது பக்கம் மாற்றச் சொன்னார். மாற்றியதும் வலது பக்கமே நன்றாக இருந்தது என்றார். சுவருக்கு அடித்த பெயிண்ட் கண்ணைக் கூசுகிறது என்று நிறுத்தி வைத்தார். வனிதாவுக்குத் தெரிந்து அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் ஒரு நாள் போயிருக்கும். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. தூங்கும்போதுகூட அந்தக் காசுச் சத்தம் கேட்டது.

ஒருநாள் பூன் லேயில் இன்னொரு சைட்டில் இருந்தேன். "கிச்சன் எப்போ முடியும், அக்கா? தீபாவளி தெரியுதா உங்களுக்கு?" என்று போனில் வனிதா கத்திக்கொண்டிருக்கிறாள். நடுவிலேயே மாமனாரின் போன். அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன். இன்றைக்கு என்ன புகாரோ என்று நினைத்தேன். புகார் ஒன்றும் இல்லை. குமரன் அவரையும் பொங்கோலுக்கே வந்துவிடச் சொன்னதாகவும், மார்சிலிங் வீட்டையும் கோப்பிக் கடைக் கூட்டாளிகளையும் விட்டு வரமாட்டேன் என்று தானே சொல்லிவிட்டதாகவும், கேட்காமலே என்னிடம் சொன்னார். அப்புறம், இத்தனை வருஷத்தில் எந்த வாடிக்கையாளர் வாயிலிருந்தும் நான் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"உனக்கு எதுக்கும்மா இவ்ளோ அவசரம்? மெதுவாவே செய்யுங்க. தீபாவளிக்கு அப்புறம் முடிஞ்சாலும் பரவால்ல லா."

அரைச் சாண் குறைந்த மேடை

கிச்சன் வேலையில் பெரிய காலவிரயம் மேடைக்கு அடியில் வருகிற பெட்டிதான். டைல் முடிந்த பிறகுதான் ஆசாரி அளவெடுப்பார். அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் பட்டறையில் செய்து, பாலம் தாண்டி லாரியில் வரவேண்டும். பெட்டியைப் பொருத்திய பிறகுதான் மேலே போடும் கல்லுக்கு அளவு. ஒன்றில் சறுக்கினால் எல்லாம் சறுக்கும். அதனால் பெட்டிகள் வந்து இறங்கிய அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வனிதாவும் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

வந்தவள் அடுப்பு வைக்கும் இடத்தில் போய் நின்றாள். தோசை திருப்புவதுபோலக் கையை அசைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறிப்போனது. மேடை அவள் தொடைக்குத்தான் வந்தது! நான் டேப்பை எடுத்து அளந்தேன். வரைபடத்தில் நான் எழுதிக் கொடுத்த உயரத்தைவிட அரைச் சாண் குறைவு. "மார்சிலிங் மேடை மாதிரியே இருக்கு, அக்கா. அங்க குனிஞ்சு குனிஞ்சுதான் என் இடுப்பே போச்சு" என்று அழுகிற குரலில் சொன்னாள். நான் ஆ செங்கைப் பார்த்த பார்வையில் அவர் பஸ்பமாகியிருக்க வேண்டும். அளவெடுத்த அன்று நான் அங்கே இல்லை, அங்கிள்தான் இருந்தார். இருவரும் மலாய் மொழியில் வெகுநேரம் கதை பேசியிருக்கிறார்கள். ஆ செங் மரியாதைக்காரர். வீட்டில் வயசானவர் ஒருவர் இருந்தால் அவர் பேச்சுதான் அவருக்குச் சட்டம், என் வரைபடமெல்லாம் அப்புறம்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்னிடம் பதில் சொன்னார்.

"மேடை எவ்வளவு உயரம்னு கேட்டேன். அங்கிள் கை காட்டினார், நான் கோடு போட்டேன். பெரியவர் சொன்னா கேக்கணும் லா, சாந்தி!"

அந்தக் கை

வனிதா அழுதுகொண்டே ஹாலில் இருந்த மாமனாரைக் கூப்பிட்டாள். அத்தனை வருஷமும் அவர் எதிரில் குரல் உயர்த்தாதவள், அன்று உயர்த்தினாள். "ஏன் மாமா இப்படிச் செஞ்சீங்க? நாங்க போறது புடிக்கலேன்னா வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?" ஆ செங் கருவிப்பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். எனக்கும் நாக்கு நுனியில் நாலு வார்த்தை இருந்தது. டைலுக்கும் குழாய்க்கும் சேர்த்து வைத்த கோபமாயிற்றே!

அங்கிள் மேடை ஓரத்தில் வந்து நின்றார். உள்ளங்கையை அதன்மேல் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். டைல், பெயிண்ட் விஷயமெல்லாம் வேண்டுமென்றேதான் இழுத்தேன் என்று தலையைக் குனிந்தபடி ஒப்புக்கொண்டார். நீங்கள் போய்விட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடும், அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றார். ஆனால் இந்த மேடையை மட்டும் வேண்டுமென்று செய்யவில்லை என்றார். சேர்த்து வைத்த நாலு வார்த்தையும் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"சரோஜாவுக்கு மேடை இங்கதாம்மா வரும். கிச்சன்ல அவ நிப்பா, நான் பக்கத்துல நிப்பேன். ஆசாரி கேட்டதும் என் கை தானா அங்க போய் நின்னுருச்சு."

ஜன்னலோரப் பெட்டி

மறுநாள் காலை ஆ செங்கைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்தேன். நல்லவேளை, மேலே கல் இன்னும் போடவில்லை. பெட்டிகளைக் கழற்றி, அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினால் போதும், புதிதாகச் செய்ய வேண்டாம் என்றார். வனிதா கிளினிக்குக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். கண் வீங்கியிருந்தது, இரவு தூங்கியவள் மாதிரி தெரியவில்லை. அடுப்புப் பக்கம் உயர்ந்தது, சிங்க் பக்கம் உயர்ந்தது. ஜன்னலோரத்தில் தனியாக இருந்த கடைசிப் பெட்டியில் ஆ செங் கை வைத்ததும், "அதை விட்டுடுங்க, அப்படியே இருக்கட்டும்" என்றாள். மேடை ஏறி இறங்கித் தெரியுமே, பார்க்கிறவர்கள் என் வேலையைத்தானே குறை சொல்வார்கள் என்று நான் பதறினேன். சொன்னால் சொல்லட்டும் என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

கல்லும் அடுப்பும் தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்தன. நாங்கள் ஓடிய ஓட்டத்தைக் கேட்காதீர்கள். ஒரு கதவுக்கு மட்டும் கீல் வரவில்லை. அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பால் காய்ச்சினார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் அந்தக் கீலை எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே எண்ணெய் வாசனை. வனிதா நிமிர்ந்து நின்று முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலோரத் தாழ்ந்த மேடைக்கு ஒரு ஸ்டூலைப் போட்டு, மாணிக்கம் அங்கிள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். ஹால் மூலையில் இரண்டு பெரிய பைகள், ஒன்றின் மேல் அவருடைய சலவைச் சட்டைகள். நான் பார்த்தும் பார்க்காதது மாதிரி, "என்ன அங்கிள், மார்சிலிங்குக்கு எப்போ கிளம்புறீங்க?" என்று சீண்டினேன். அவர் அடுத்த முறுக்கைப் பிழிந்தார். வனிதாதான் சட்டியிலிருந்து தலையைத் திருப்பாமல் பதில் சொன்னாள்.

"அவரு எங்கக்கா போறது? அந்த மேடை எனக்குத் தாழ்வு, குனியணும். அங்க உக்காந்து வேலை செய்ய ஆளு வேணும்ல?"

இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்கள் கிச்சன் முடிய எவ்வளவு நாளாகும் என்று கேட்டால், எத்தனை சதுர அடி என்பதை அப்புறம் கேட்கிறேன், வீட்டுச் சாவி யார் கையில் இருக்கும் என்பதைத்தான் முதலில் கேட்டு வைக்கிறேன்.